சூட்டில் செல்ஃப் எடுக்காது

எங்கள் கல்லூரி மெக்கானிக்கல் துறை மலருக்கு, ‘பழைய பெரிய வண்டிகள்: வழக்கமான கோளாறுகளும் பழுதுநீக்கமும்’ என்று ஒரு கட்டுரை எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, வருகைப் பதிவில் கருணை காட்டுவதாக மட்டும் சொன்னார்கள். மூன்று கோளாறுகளை ஒழுங்காகவே எழுதினேன். நான்காவதில் ஓர் ஆள் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுக்கிறான். கட்டுரை கதையானது இப்படித்தான்.

1. ரேடியேட்டர். உள்ளே உப்புப் படியும், மேடு ஏறினால் கொதிக்கும். கழுவிப் பார்க்கவும். சூட்டில் மூடியைத் திறக்க வேண்டாம். (திறப்பீர்கள்.)

2. முன்சக்கரத்தில் ‘கடக் கடக்’. பால் ஜாயின்ட் தேய்ந்திருக்கும், மாற்றவும். பாட்டைச் சத்தமாக வைப்பது பழுதுநீக்கம் ஆகாது.

3. ஏ.சி. [வெட்டிவிட்டேன். கண்ணாடியை இறக்கிக்கொள்ளுங்கள்.]

4. செல்ஃப் மோட்டார், அதாவது சாவியைத் திருகினால் என்ஜினைக் கிளப்புவது. குளிர்ந்திருக்கும்போது ஒரே திருகில் எடுக்கும். ஓடிச் சூடான பிறகு அணைத்தால், ஆறும்வரை அரை மணி நேரத்துக்கு ‘டிக்’ என்பதோடு சரி. தமிழரசுவின் வண்டிக்கு இந்த வியாதி.

தமிழரசு உயரமான, கம்பீரமான— இல்லை, அது வண்டி. அவன் சுமார்தான். முப்பத்தேழு வயது. மல்லசமுத்திரம் பக்கம் தோட்டம். வண்டியில் ஏழு பேர் உட்காரலாம். வீட்டில் இருப்பது அவனும் அம்மா பாப்பாயியும். மிச்சமுள்ள இருக்கைகளுக்காகத்தான் வருடக்கணக்கில் பெண் பார்க்கிறார்கள். ‘பெரிய வண்டி வச்சிருக்கற குடும்பமுங்க’ என்றுதான் தரகர் பேச்சையே தொடங்குவார் என்பதால் பஸ்ஸில் போகவும் வழியில்லை.

போன தையில் ஒரு வீட்டின் முன்னால் வண்டியை அணைத்துவிட்டு உள்ளே போனான். காபி குடித்த கையோடு திரும்பும்போது எடுக்கவில்லை. பெண்ணின் அப்பா, சித்தப்பாக்கள், கடைசியில் பெண்ணும் சேர்ந்து தெருமுனைவரை தள்ளினார்கள். மூச்சு வாங்க நிற்பவர்களிடம் சம்மதம் கேட்க முடியுமா?

அதிலிருந்து அவன் வண்டியை ஓடவிட்டே உள்ளே போகிறான். அப்புறம் பார்த்த இடங்களிலெல்லாம், ‘தம்பிக்கு இஷ்டமில்லையாட்ட இருக்குது, வண்டியக்கூட நிறுத்துல’ என்று பெண்வீட்டார் பேசிக்கொண்டார்கள். தரகர் அதை ‘ஜாதகம் பொருந்தல’ என்று மாற்றிச் சொல்லிவிட்டார். எனக்கும் உங்களுக்கும் தெரிந்த காரணம் தமிழரசுவுக்குத் தெரியாது. கதைக்குள் புகுந்து சொல்லவும் முடியாது.

* ஏன் சரிசெய்யவில்லை என்று கேட்கும் வாசகருக்கு: மெக்கானிக் மாரி செல்ஃபுக்குள் தேய்ந்த புஷ்ஷை மாற்றினார், பேட்டரி ஒயர் மாற்றினார், பழைய சாமான் கடையில் வேறு செல்ஃபே வாங்கிப் போட்டார். அதற்கும் அதே வியாதி. புதுசு இப்போது வருவதில்லை.

5. இங்கே கிளட்ச் வர வேண்டும். மன்னிக்கவும், அடுத்த பெண்வீடு இருக்கும் நாமகிரிப்பேட்டை வந்துவிட்டது.

“சாமி, இங்கயாச்சும் ஆப் பண்ணீட்டு வாடா,” என்றாள் பாப்பாயி.

“எடுக்கலீன்னா நீ தள்ளுவியாம்மா?”

“இத்தன வருசமா உன்னயத் தள்ளீட்டுத்தான வாரேன்.”

வண்டி வாசலில் உறுமிக்கொண்டே நின்றது. பெண்ணின் அப்பா சின்னுசாமி மிக்சர் தட்டை நகர்த்திவிட்டு வெளியே எட்டிப் பார்த்தார்.

“ஏனுங் தம்பி, வேற எங்கயாச்சும் போகோணுங்களா?”

“இல்லீங்களே.”

“வண்டி ஓடீட்டே இருக்குதுங்க.”

“அது… ஓடட்டுங்க.”

சின்னுசாமியின் முகம் சுருங்கியது. தமிழரசு மிக்சரைப் பார்த்தான்.

[மோகனப்பிரியா நாணத்துடன் காபித் தட்டை— இல்லை. எத்தனை முறை எழுதினாலும் இவள் தட்டைப் பிடிக்க மாட்டேன் என்கிறாள்.] லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் கணக்கெழுதுகிறவள். இரண்டு பேரும் தனியாகப் பேசட்டும் என்று வாசலுக்கு அனுப்பினார்கள். வாசலில் வண்டி.

“ஏனுங்க,” அவள் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. “நாள் முச்சூடும் பட்டறைச் சத்தத்துல கெடக்கறவ நானு. நிறுத்துங்க, பேசலாம்.”

“நிறுத்துனா…”

“நிறுத்துனா?”

இதுவரை எந்தப் பெண்ணிடமும் சொல்லாததை, சலித்துப்போய்ச் சொன்னான்.

“சூட்டுல எடுக்காதுங்க. ஆற அரை மணி நேரமாவுது. உங்களுக்குப் புடிக்கலீன்னாலும் நானு இங்கயே உக்காந்திருக்கோணும். இல்லீன்னா நீங்கெல்லாம் தள்ளோணும்.”

அவள் வண்டியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

“புடிக்குதா இல்லையான்னு எனக்கே இன்னுந் தெரியலீங்க. தெரிஞ்சுக்கத்தான நிறுத்தச் சொல்றேன்.”

6. முடிவுகள். அ) அணைக்கிறான், அவளுக்குப் பிடித்துவிடுகிறது, வண்டியும் ஒரே திருகில் எடுக்கிறது. மெக்கானிக்கல் மாணவனாக இதில் என்னால் கையெழுத்திட முடியாது. ஆ) அணைக்கிறான், பிடிக்கவில்லை, சின்னுசாமி பக்கத்து வீட்டு ஆட்களைக் கூப்பிடப் போகிறார். இ) ‘அப்பறம் பேசலாமுங்க’ என்று ஏறிப் போய்விடுகிறான். இதுதான் எழுத எளிதாக இருந்தது. அவனுக்கும் இதுதான் பழக்கம். அதனாலேயே கிழித்தேன்.

7. தமிழரசு ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருகினான்.

வண்டி ஒருமுறை குலுங்கி நின்றது. உள்ளே சின்னுசாமி, “அட, நிறுத்திப்போட்டாப்ல!” என்றது தெருவரை கேட்டது. பாப்பாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“இப்பச் சொல்லுங்க,” என்றாள் மோகனப்பிரியா, மெதுவான குரலில்.

அவன் வாயைத் திறந்தான்— மூடிவிட்டான். என்னைப் பார்க்கிறான். உங்களையும். இத்தனை பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றால் அவன் எப்படிப் பேசுவான்? அந்த அரை மணி நேரம் அவர்களுடையது. வாருங்கள், நாம் பஸ்ஸில் போய்விடலாம்.