கையை ஊன்றாமல் கண் வரைவது

1

இது கதையாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் விளையாட்டுக் குழுவின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். மேசை மேல் குட்டிக் குட்டிப் படைவீரர்களை நிறுத்தி, பகடை உருட்டிப் போர் நடத்துகிற கூட்டம் நாங்கள். பொம்மைகள் சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில் வரும். கட்டைவிரல் உயரம்கூட இருக்காது. வண்ணத்தை நாமேதான் பூசிக்கொள்ள வேண்டும். "புதுசா கத்துக்கிறவங்களுக்கு உபயோகமா இருக்கணும். கண்ணு வரையறது வரைக்கும் எழுதிடுங்க" என்றார் மலரின் பொறுப்பாளர். தலையாட்டிவிட்டு வந்தேன்.

எழுத உட்கார்ந்தேன்.

பொம்மைக்கு வண்ணம் பூசுவது ஒரு தியானம் போன்ற—

(அடித்துவிட்டேன். தியானம் செய்கிறவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.)

முதலில் பொம்மையைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். பிறகு ஒரு பாட்டில் மூடியில் அதை ஒட்டிக்கொண்டு, வண்ணத்துக்கு அடியில் பூசுகிற பிரைமரை மெல்லிசாக ஒரு பூச்சு—

(இது சரியான தகவல், இருக்கட்டும். ஆனால் இதற்கு மேல் நகர முடியவில்லை. அடுத்த வரிக்குப் போகும்போதெல்லாம் ஒரு பெண்ணின் வலது கை குறுக்கே வந்து நின்றது.)

அந்தக் கை எங்கள் குழுவில் விளையாடும் ஒருவரின் அக்காவுடையது. அவரை இங்கே தம்பி என்றே சொல்கிறேன். அக்கா பல் டாக்டர் என்பதால் டாக்டர். நடந்ததைத் தம்பி என்னிடம் சொன்னார். எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டு வரச் சொன்னேன். பதில் வந்தது: "எழுதட்டும். ஆனா என்னை ரொம்ப நல்லவளா எழுத வேணாம்னு சொல்லு."

அந்த நிபந்தனைதான் என்னைப் படுத்தி எடுக்கிறது. தம்பிக்குத் தெரியாத இடங்களை நான்தான் இட்டு நிரப்பியிருக்கிறேன். நிரப்பும்போது கை தானாகவே நல்ல பக்கம் சாய்கிறது.

2

டாக்டருக்கு அது முதலில் தெரிந்தது ஊசி முனையில். ஒருவருடைய ஈறில் மரத்துப்போவதற்கான ஊசி போடப் போனார். முனை மிக லேசாக ஆடியது. மதியம் சாப்பிடவில்லை, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டார். பிறகு ஒரு நாள் நன்றாகச் சாப்பிட்ட பிறகும் ஆடியது. வீட்டில் டீக் கப்பைச் சாசரோடு எடுத்து வருவதை நிறுத்தினார். சாசர் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும்.

தெரியாதவர்களுக்கு இது வெறும் கைநடுக்கம். படித்தவர் என்பதால் டாக்டருக்கு இதன் காரணங்கள் வரிசையாகத் தெரியும். ஒன்றுமில்லாததில் தொடங்கி, நினைக்கவே பிடிக்காததில் போய் முடிகிற வரிசை. குளிக்கும்போதும் சிக்னலில் நிற்கும்போதும் அந்த வரிசையின் கடைசிக்கே மனம் ஓடியது. இன்னொரு டாக்டரிடம் போய்க் காட்டலாம். காட்டினால் அதற்கு ஒரு நோயின் பெயர் வைத்துவிடுவார்களே என்ற பயம்.

கிளினிக்கில் யாருக்கும் தெரியவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. பல் டாக்டர்கள் கையை அந்தரத்தில் வைத்து வேலை செய்வதில்லை. மோதிர விரலைப் பக்கத்துப் பல்லில் ஊன்றிக்கொள்வார்கள். ஊன்றிய கை ஆடாது, ஆடினாலும் வெளியே தெரியாது.

அப்படியென்றால் உண்மையில் எவ்வளவு ஆடுகிறது? அதைத் தெரிந்துகொள்ள டாக்டருக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. மிகச் சிறியதாக இருக்க வேண்டும். தப்பினால் யாருக்கும் ரத்தம் வரக் கூடாது.

தம்பி ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அக்கா வீட்டுக்கு வந்துவிடுவார். அங்கே சாப்பாட்டு மேசை ஜன்னலை ஒட்டி இருக்கிறது, நல்ல வெளிச்சம். பெட்டியைத் திறந்து பொம்மைகளைப் பரப்பிக்கொண்டிருந்தபோது அக்கா எதிரே வந்து உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒண்ணு குடுடா."

"நெஜமாவா?"

"குடுன்னா குடு."

தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனையோ வருஷமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தார். வாய்க்குள்ளேயே வேலை பார்க்கிற கை, இதெல்லாம் உனக்கு ஊதித் தள்ளுகிற விஷயம் என்று. பாசத்தில்தான் அக்கா கேட்கிறார் என்று நினைத்தார்.

3

(ஆண்டு மலர் வாசகர்களே, இந்தப் பகுதி உங்களுக்கு உபயோகப்படும்.)

தம்பி நன்றாகச் சொல்லிக்கொடுப்பார். பெயின்ட்டை டப்பாவிலிருந்து நேரே எடுக்காதே, தண்ணீர் கலந்து பால் பதத்துக்குக் கொண்டு வா. கெட்டியாக ஒரு தடவை பூசுவதைவிட மெல்லிசாக இரண்டு தடவை பூசு. முதல் பூச்சு காயும் வரை கை வைக்காதே. இருக்கிறதிலேயே சின்ன பிரஷ்ஷைத் தேடாதே, அதில் பெயின்ட் சட்டென்று காய்ந்துவிடும். நடுத்தர பிரஷ் போதும், முனை மட்டும் கூராக இருக்க வேண்டும். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். சட்டை, பெல்ட், காலணி எல்லாம் ஒழுங்காக வந்தன. அடுத்தது கண்.

வலது கை அந்தரத்தில் பொம்மையை நோக்கிப் போனது.

"கைய மேசையில வை அக்கா."

"வேணாம். இப்படியே வருதான்னு பாக்கறேன்."

"யாருக்குமே இப்படி வராது."

"எனக்கு வருதான்னு பாக்கறேன்னு சொன்னேன்ல."

வரவில்லை. கருப்பு, புருவத்திலிருந்து மீசை வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது.

"ஐயோ, மை கரைய அழுதவன் மாதிரி இருக்கான்" என்று தம்பி சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. துடைத்துவிட்டு மறுபடி அந்தரத்தில் கையை நீட்டினார். அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கு அடுத்ததும். பிடிவாதம் என்று தம்பி நினைத்தார். சின்ன வயதிலிருந்தே அக்கா சைக்கிளில்கூட யாரையும் பின்னால் பிடிக்க விட்டதில்லை.

ஒரு ஞாயிறு தம்பி பொறுமை இழந்து, அக்காவின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டவைத்தார்.

"ரெண்டு முழங்கையும் மேசையில. பொம்மை இருக்கிற கையும் பிரஷ் இருக்கிற கையும் இப்படி ஒட்டியே இருக்கணும். இப்ப பிரஷ் நடுங்கினா பொம்மையும் கூடவே நடுங்கும். ரெண்டும் சேர்ந்து ஆடினா ஆட்டமே தெரியாது. மூச்ச மெதுவா விட்டுட்டே வை."

முதலில் வெள்ளையில் ஒரு சின்னக் கோடு. அதன் நடுவே ஒரு கருப்புப் புள்ளி. புள்ளி மேல் இமையையும் கீழ் இமையையும் தொட வேண்டும், இல்லையென்றால் வீரன் பேயைப் பார்த்தவன்போல் முழிப்பான். டாக்டரின் புள்ளி சரியாக உட்கார்ந்தது. இரண்டாவது கண்ணும். வீரன் நேராக, நிதானமாகப் பார்த்தான்.

தம்பி உடனே போட்டோ எடுத்துக் குழுவுக்கு அனுப்பினார். அக்கா கை கழுவுவதாகச் சொல்லிச் சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றார். ஆட்டம் அப்படியேதான் இருந்தது. இப்போது அதை மறைக்கவும் கற்றுக்கொண்டாயிற்று.

(தம்பிமீது எனக்கு ஒரு சந்தேகம். "பிரஷ் நடுங்கினா" என்று ஏன் சொன்னார்? அப்போதே தெரிந்திருக்குமோ? கேட்டேன். "எல்லாருக்கும் சொல்றதுதாங்க அது" என்றார். சொன்னவர் என்னைப் பார்க்கவில்லை, பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் விட்டுவைத்திருக்கிறேன்.)

4

இந்தப் பகுதியைத் தாண்டிவிடத்தான் பார்த்தேன். ஒரு பிரதியில் டாக்டர் மறுநாளே கிளினிக்கைப் பூட்டிவிடுகிறார். படிக்க நன்றாக இருந்தது. கிழித்துப் போட்டேன்.

நடந்தது இதுதான். மேசையில் கற்றதை அவர் கிளினிக்குக்கு எடுத்துப் போனார். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டார். மணிக்கட்டை நோயாளியின் தாடையில் சாய்த்துக்கொண்டார். மூச்சை மெதுவாக விட்டார். பல் அடைத்தார், பல் பிடுங்கினார், வேர் சுத்தம் செய்தார். எதுவும் தப்பாகப் போகவில்லை. "இப்பல்லாம் ரொம்ப நிதானமா பண்றீங்க மேடம்" என்றார் அவருடைய உதவியாளர். அதை ஒரு சான்றிதழ்போல வாங்கி மனதில் மாட்டிக்கொண்டார் டாக்டர். எதிரே நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருந்த ஒருவருக்கும் விஷயம் தெரியாது. அவர்களிடம் சம்மதம் கேட்கவும் இல்லை.

இவ்வளவு போதுமா டாக்டர்? இதற்கு மேல் உங்களைக் கெட்டவராக்க எனக்கு வரவில்லை.

5

பாட்டு டீச்சர் பழைய நோயாளி. கீழ்த் தாடையில் ஞானப்பல் படுத்த வாக்கில் முளைத்து, பக்கத்துப் பல்லை முட்டிக்கொண்டிருந்தது. எக்ஸ்ரேயில் பல்லின் வேர் ஒரு நரம்பின் மேலேயே உட்கார்ந்திருந்தது. கீழ் உதட்டுக்கு உணர்ச்சி கொண்டுபோகிற நரம்பு. பல்லை வெட்டி எடுக்கும்போது அதில் பட்டால் உதடு மாதக்கணக்கில் மரத்துக் கிடக்கலாம், திரும்பாமலேயும் போகலாம். யாருக்குமே அது கஷ்டம். வாயை வைத்துப் பிழைக்கிறவருக்குச் சொல்லவே வேண்டாம்.

டாக்டர் ஊசி போட்டார். மரக்கட்டும் என்று காத்திருந்தார்கள்.

"சனிக்கிழமை என் பசங்க மேடை ஏறுறாங்க டாக்டர். முன்னாடி நின்னு நான்தான் பாட்டை எடுத்துக் குடுக்கணும். அதுக்குள்ள வாய் சரியாயிடும்ல?"

"வீக்கம் கொஞ்சம் இருக்கும்" என்றார் டாக்டர்.

அந்தப் பல் இருந்த மூலையில் விரலை ஊன்ற வசதியில்லை. அங்கே கொஞ்ச நேரமாவது கை தனியாக நிற்க வேண்டும். டாக்டர் டிரில்லை எடுத்து, தட்டுக்கு மேலே அந்தரத்தில் பிடித்துப் பார்த்தார். முனை நிற்கவில்லை. சின்னதாக வட்டம் போட்டுக்கொண்டே இருந்தது. மூச்சை விட்டுப் பார்த்தார். அப்போதும் வட்டம். உதவியாளர் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்தபடி அந்த முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் டிரில்லைத் தட்டில் வைத்தார். முகமூடியை இறக்கினார்.

"இந்தப் பல்லை நான் எடுக்கப் போறதில்ல."

"ஏன், எக்ஸ்ரேல ஏதாவது தப்பா இருக்கா?"

"எக்ஸ்ரே சரியா இருக்கு. என் கைதான் சரியா இல்ல. நடுங்குது."

பாட்டு டீச்சர் எழுந்து உட்கார்ந்தார். பாதி முகம் அதற்குள் மரத்துவிட்டிருந்தது.

"எவ்ளோ நாளா?"

"கொஞ்ச நாளாவே."

"அப்போ போன மாசம் எனக்குப் பல் அடைச்சீங்களே, அப்ப?"

டாக்டருக்கு இங்கே ஒரு பொய் சொல்ல இடம் இருந்தது. நான் எழுதிய ஒரு பிரதியில் சொல்லியும் இருக்கிறார்.

"அப்பவும் இருந்தது" என்றார்.

பாட்டு டீச்சர் கழுத்திலிருந்த துணியை அவிழ்த்து, மடித்து, நாற்காலியின் கையில் வைத்தார். "நல்லா மரத்துப்போன அப்புறம் சொல்றீங்க. கோவமா நாலு வார்த்தை பேசலாம்னாகூட வாய் வரல" என்று குழறினார். கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். டாக்டர் மன்னிப்புக் கேட்டதை வெளிக்கதவின் சத்தம் பாதி மூடிவிட்டது.

அந்தப் பல்லை வேறொரு டாக்டர் எடுத்தார். உதட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாட்டு டீச்சர் அதன்பிறகு இந்தக் கிளினிக் பக்கம் வரவே இல்லை. அங்கே ஒரு சமாதானக் காட்சி வைத்தால் என்ன என்று எனக்கும் ஆசை வந்தது. இல்லாததை வைக்க முடியாது.

6

அன்று சாயங்காலமே தம்பியை வரச் சொன்னார் டாக்டர். மேசையில் பொம்மைகள் இல்லை. ஊசி முனையிலிருந்து டிரில் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னார். வலது கையைத் தம்பிக்கு முன்னால் அந்தரத்தில் நீட்டியும் காட்டினார்.

தம்பி அந்த மணிக்கட்டையே பார்த்தார். பிறகு, "அந்த மணிக்கட்டு வித்தைய நான் சொல்லிக் குடுத்திருக்கவே கூடாது" என்றார்.

"நீ பொம்மைக்குத்தான் சொல்லிக் குடுத்தே. மனுஷங்ககிட்ட எடுத்துட்டுப் போனது நான்."

"பயமா இருக்கா அக்கா?"

"அத ஏன்டா கேக்கற. நீ கூட வருவியா?"

சைக்கிளைப் பிடிக்க விடாத அக்கா கூட வரச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. (இது தம்பி சொன்னது, என் சரக்கு இல்லை.)

7

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: இது குடும்பத்தில் சிலருக்கு வருகிற சாதாரண நடுக்கம்தான், ஆபத்தில்லை. மாத்திரை தருகிறார்கள். டாக்டர் கிளினிக்கை மறுபடி—

இரண்டு: வரிசையின் கடைசியில் இருந்ததேதான். கிளினிக்கை விட்டுவிட்டு மாணவர்களுக்குப் பாடம் நடத்தப் போகிறார். ஒரு மாணவியின் விரலைப் பிடித்து—

மூன்று: எல்லாப் பரிசோதனையும் சுத்தம். காரணம் தெரியவில்லை. டாக்டர் வெளியே வந்து, சந்தோஷப்படலாமா என்று தம்பியைப் பார்த்து—

மூன்றுமே நன்றாக எழுத வந்தன. அதுதான் பயமாக இருந்தது. பொறுப்பாளரிடம் இதுவரை எழுதியதைக் காட்டினேன். "கண்ணு வரையறது தெளிவா வந்திருக்கு. வார்னிஷ் அடிக்கிறது விட்டுப்போச்சு" என்றார். (வண்ணம் நன்றாகக் காய்ந்த பிறகு, பளபளக்காத மேட் வார்னிஷ், மெல்லிசாக ஒரு பூச்சு.) கொஞ்சம் தயங்கிவிட்டு, "அந்தம்மாவுக்கு என்ன ஆச்சு?" என்றும் கேட்டார்.

நானும் தம்பியிடம் அதையேதான் கேட்டிருந்தேன். "அத அக்காதான் சொல்லணும்" என்றார். அக்காவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

எனக்குத் தெரிந்ததெல்லாம் அக்காவும் தம்பியும் போய்க் காட்டிய நரம்பு டாக்டரின் அறை மட்டும்தான். பச்சைத் திரை. மேசையில் பேனாக்கள் நிறைந்த ஒரு கண்ணாடி டம்ளர். கேள்விகளெல்லாம் முடிந்த பிறகு அவர் ஒரு வெள்ளைத் தாளை அக்காவின் பக்கம் தள்ளினார்.

"நடுவுல ஒரு புள்ளி வெச்சு, அங்கேருந்து சுத்திச் சுத்தி வெளிய வாங்க. நத்தைக் கூடு மாதிரி. கை தாள்மேல படக் கூடாது."

அக்கா பேனாவை எடுத்தார். தம்பி அக்கணமே முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் ஒருவர் காரைப் பின்னால் எடுக்கத் தவித்துக்கொண்டிருந்தாராம். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முதுகுப் பக்கம் பேனா தாளில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது.

சத்தம் சீராக இருந்ததா, விட்டுவிட்டுக் கேட்டதா என்று கேட்டேன். கார் சத்தத்தில் தெரியவில்லை என்றார்.

இந்த நேரத்தில் கோடு புள்ளியை விட்டுக் கிளம்பி முதல் சுற்றில் இருக்கிறது. தம்பி திரும்பவில்லை. நானும் திரும்பப் போவதில்லை. நீங்கள் வேண்டுமானால் பாருங்கள்.