பதினொரு பேரை மூழ்கடித்த பொய்

1

இந்தக் கதையை நான் ஒட்டுக் கேட்டேன். ஸ்ப்ளிட் நகரத்துப் படகுத்துறையில், பக்கத்து மேசையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். யூகோ காற்று. அந்தத் தெற்குக் காற்று வந்தால் இங்கே எவரும் எந்த முடிவும் எடுப்பதில்லை. படகு ஓடாது, தலை கனக்கும், கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். காது மட்டும் தானாக நீளும்.

2

யாகொடா சின்ன வயதிலேயே எண்களைக் காதலித்தாள், ஏனென்றால்

(வேண்டாம். எண்ணை யார் காதலிப்பார்கள்?)

யாகொடா பொறியியல் பேராசிரியை. யாருடைய இதயத்தை முதலில் சோதிக்க வேண்டும் என்று மருத்துவமனைக்குச் சொல்லும் கணினி நிரலை எழுதியவள். நோயாளி யாரென்று எவரும் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று, நிரல் படிக்கும் ஒவ்வொரு பதிவிலும் சின்னப் பொய் கலந்தாள்: ஒருவருக்கு வயதில் இரண்டு கூட்டி, இன்னொருவருக்கு நாடித்துடிப்பில் நாலு குறைத்து. நகரத்து ஆயிரக்கணக்கானவர்களிடையே பொய்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்தன. அவள் பிறந்த தீவிலிருந்து வந்த நோயாளிகளோ பதினொரு பேர்தான். பொய்யில் மூழ்கிப்போனார்கள். நிரல் அவர்களை வரிசையின் கடைசிக்குத் தள்ளியது.

(நானும் அதையே செய்கிறேன். யாகொடாவின் பெயர் யாகொடா அல்ல.)

3

பக்கத்து மேசையில் அவளுக்கு எதிரே அவள் அக்கா தோன்கா. அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி, மூன்று மாதமாகச் சோதனைக்கு அழைப்பு வராதவள். பொய்யை எடுத்துவிட்டால் வரிசை சரியாகும், ஆனால் தீவில் வயதைச் சொன்னாலே ஆளைச் சொல்லிவிடுவார்கள், அவரவர் சம்மதம் வேண்டும் என்றாள் யாகொடா.

"அப்போ கேளேன்டி."

"யாருன்னு எனக்கே தெரியாதுக்கா. தெரியக் கூடாதுன்னுதானே எழுதினேன். உன்னை மட்டும் வேணா டாக்டர்கிட்ட சொல்லி..."

"மத்த பத்துப் பேரு என்னடி பண்ணுவாங்க?"

தோன்காவுக்குத் தன் நோய் ஊருக்குத் தெரிவதில் பெரும் பயம். கணவர் நோயில் படுத்தபோது ஊரே சூப்போடு வந்து பாவம் பாவம் என்று பார்த்தது. அவரைக் கொன்றது நோய் இல்லை, அந்தப் பார்வைதான் என்பாள்.

ஆனாலும், ஞாயிற்றுக்கிழமை தீவுத் தேவாலய வாசலில் தன் நோயைத் தானே சொல்லி, மற்ற பத்துப் பேரையும் கேட்டுவிடுவதாகச் சொன்னாள்.

"யூகோ அடிக்குதுக்கா. இன்னிக்கு எதையும் முடிவு பண்ணாதே."

"நெஞ்சு நல்ல நாள் பாத்தாடி நிக்கப்போவுது?"

4

முடிவு ஒன்று: பத்துப் பேரும் கை தூக்குகிறார்கள். (சினிமா.)

முடிவு இரண்டு: ஒருவரும் தூக்கவில்லை, தோன்கா தனியாக வீட்டுக்கு

(எழுதக் கை வரவில்லை. எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.)

இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்: தேவாலய வாசல், கடற்பனி. தோன்கா தன் நோயைச் சொல்லிவிட்டாள். "இன்னும் பத்துப் பேரு இருக்கீங்க" என்றும் சொல்லிவிட்டாள். கனவில் நிற்பதுபோல் எவரும் அசையவில்லை. அந்தக் கூட்டத்தில் உங்களையும் நிறுத்தியிருக்கிறேன். உங்கள் சட்டைப்பையில் இன்னும் அழைப்பு வராத மருத்துவமனைச் சீட்டு இருக்கிறது. தோன்கா உங்கள் பக்கம் திரும்பவில்லை. வேண்டுமென்றே தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.