அண்ணனுக்கு எழுதிய துணைப்பாடம்

எண்பத்தொன்றாம் வருஷம் பிளஸ் டூ முடிவு வந்தபோது விவசாயி சின்னண்ணனின் பிள்ளைகளில் இரண்டு பேர் தேறியிருந்தார்கள். மூத்தவன் தங்கசாமி தட்டுத் தடுமாறிக் கரையேறியிருந்தான். அவனுக்கு ஒரு வயது இளையவள் சௌந்திரம் பொருளியலில் பள்ளிக்கூடத்துக்கே முதல். அண்ணன் ஒன்பதாவதில் தோற்று ஒரு வருஷம் உட்கார்ந்துவிட்டதால், இருவரும் எடப்பாடிப் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் படித்து ஒரே நாளில் பரீட்சை எழுதியவர்கள்.

சின்னண்ணனுக்குக் கிணற்றுப் பாசனத்தில் எட்டு ஏக்கர் காடு. மஞ்சளும், குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் போடுவார். ஊரில் அவர் முன்னால் யாரும் செருப்போடு நிற்க மாட்டார்கள். ஆனால் எடப்பாடி பேங்கில் அவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்த மேனேஜருக்கு முப்பது வயதுகூட இருக்காது. அந்த ஆள் என்ன படித்தவன் என்று பியூனிடம் விசாரித்தார். எகனாமிக்ஸ் என்றான் பியூன். அன்றைக்கே முடிவாகிவிட்டது. தன் மகன் எகனாமிக்ஸ் படித்து அதே மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும்.

சௌந்திரம் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள், அவர் எருமைக்கு முளைக்குச்சி அடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றாள்.

"அப்பா, நானும் சேலத்துக்குப் போய்ப் படிக்கட்டுங்களா?"

அவர் நிமிரவில்லை. "பொட்டப்புள்ளைக்கு இது போதும். இதுக்கு மேல படிச்சா உனக்கு மாப்பிள்ள தேட நான் டெல்லிக்குத்தான் போகோணும்."

தொட்டியில் தவிடு கலக்கிக்கொண்டிருந்த அம்மா பெருமாயி சிரித்துவிட்டாள். அப்பா சொன்னதைவிட அந்தச் சிரிப்புதான் சௌந்திரத்துக்கு வலித்தது.

அவளுக்குப் பொருளியல் பிடித்துப்போனது பேங்கு நாற்காலிக்காக அல்ல. விளைச்சல் கூடினால் விலை ஏன் இறங்குகிறது என்று வகுப்பில் வாத்தியார் ஒருநாள் கேட்டார். அவள் எழுந்து, போன வருஷம் ஊரே மஞ்சள் போட்டதையும், ஈரோட்டுச் சந்தையில் மூட்டைகள் வாங்க ஆளில்லாமல் கிடந்ததையும் சொன்னாள். வாத்தியார் சிரித்துக்கொண்டே கரும்பலகையில் சரிந்து இறங்கும் ஒரு கோட்டைப் போட்டார். "நீ சொன்னதுதான் இது" என்றார். அப்பாவின் அந்த வருஷத்துக் கோபம், அம்மா மூன்று மாதம் புதுச்சேலை கேட்காதது எல்லாம் அந்தக் கோட்டுக்குள் இருந்தன. அன்றிலிருந்து சந்தைப் பக்கம் போனால் அவளுக்கு வண்டிகளோடு கோடுகளும் தெரிந்தன.

ஜூன் மாதம் அப்பா சேலத்துக்குப் போய்க் கல்லூரி விண்ணப்பம் வாங்கிவந்தார். முழுக்க இங்கிலீஷ். அதைக் கட்டிலில் போட்டு, "படிச்சிருக்கற இல்ல, அண்ணனுக்கு இதை எழுதிக் குடு" என்றார்.

தங்கசாமி தரையில் உட்கார்ந்து பம்புசெட் மோட்டாரைப் பிரித்து வைத்திருந்தான். அவனுக்குக் கல்லூரி ஆசையே இல்லை. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் சேர வேண்டும் என்பதுதான் அவன் கனவு. அதை அப்பாவிடம் சொல்லும் தைரியம் இல்லை.

"நீயே பாத்து எழுது, சௌந்திரம். எனக்கென்ன தெரியும். ஒண்ணே ஒண்ணு, கணக்கு மட்டும் இல்லாமப் பாத்துக்க. கணக்குன்னா எனக்கு வவுத்தக் கலக்குது."

"செரிண்ணா."

அவள் விண்ணப்பத்தோடு வந்திருந்த விவரப் புத்தகத்தை மூன்று முறை படித்தாள். முதல் வருஷம் எல்லோருக்கும் தமிழும் இங்கிலீஷும் உண்டு. முதன்மைப் பாடம் பொருளாதாரம். அதோடு ஒரு துணைப்பாடம் எடுக்க வேண்டும்: வரலாறு, அல்லது கணிதமும் புள்ளியியலும். பாடம் கேட்பது தமிழ் வழியிலா இங்கிலீஷ் வழியிலா என்று இன்னொரு கட்டம். அண்ணனுக்கு எது என்பதில் யோசிக்க ஒன்றுமில்லை. வரலாறு, தமிழ் வழி. கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம்.

தனக்கென்றால் எது என்று அவள் யோசித்தாள். அதிலும் சந்தேகமில்லை. பொருளாதாரத்தில் மேலே மேலே போக வேண்டுமானால் புள்ளியியல் வேண்டும், நல்ல புத்தகமெல்லாம் இங்கிலீஷில்தான் இருக்கிறது என்று வாத்தியாரே சொல்லியிருந்தார். பேனாவை எடுத்தபோது அது தன் விண்ணப்பம் போலவே அவளுக்குத் தோன்றியது. பெயர் எழுதும் இடம் வரைக்கும் அப்படித் தோன்றியது. அங்கே 'தங்கசாமி' என்று எழுதி முடித்ததும் அவளுக்குள் ஏதோ திரிந்துபோனது. கணிதமும் புள்ளியியலும் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டாள். இங்கிலீஷ் வழி என்ற கட்டத்தில் இன்னொன்று. அவன் இதில் மூழ்குவான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் போட்டாள்.

"கணக்கு இல்லையே?" என்றான் அண்ணன், கையில் கிரீஸோடு.

"இல்லண்ணா."

அப்பா ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். இங்கிலீஷ் வழிக்கு விண்ணப்பித்தவர்கள் குறைவு என்பதால் இடம் சுலபமாகக் கிடைத்தது. பஸ் ஏறும்போது அப்பா மகன் தோளைத் தட்டி, "போயிட்டு வா சாமி" என்றார். அவர் அப்படி ஒருநாளும் தட்டியதில்லை.

மூன்றாவது சனிக்கிழமை தங்கசாமி ஹாஸ்டலிலிருந்து வந்தான். முகம் வற்றியிருந்தது. சௌந்திரத்தைத் தனியாகக் கூப்பிட்டான்.

"கணக்கு இருக்குது, சௌந்திரம். புள்ளியியல்னு ஒண்ணு, அதும் கணக்குத்தான். எல்லாம் இங்கிலீஷ்லயே சொல்றாங்க. எனக்கு ஒண்ணும் புரியறதில்ல." அவன் ஏன் இப்படி ஆனது என்று கேட்கவில்லை. "மாசக் கடைசிக்குள்ள அப்பா கையெழுத்தோட ஒரு லெட்டர் குடுத்தா வரலாறுக்கு மாத்தித் தாரேன்னு வாத்தியார் சொன்னாரு. தமிழ் மீடியத்துக்கும் போயிக்கலாமாம். நீ எழுதிக் குடு."

"என்ன லெட்டர்?" என்று கேட்டுக்கொண்டே அப்பா உள்ளே வந்தார்.

சௌந்திரத்துக்கு அந்த நிமிஷம் வாய்த்தது. ஒரு வார்த்தையில் எல்லாவற்றையும் சரிசெய்திருக்கலாம். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "சுலபமான பாடத்துக்கு மாறோணும்னு அண்ணன் சொல்லுது. மாறினா பேங்கு வேலைக்கு ஆகாதுங்க" என்றாள்.

"அப்ப எதுக்கு மாத்தறது?" அப்பா மகன் பக்கம் திரும்பினார். "இவ பொட்டப்புள்ள, பத்தாவதுல கணக்குல தொண்ணூறு வாங்குனா. நீ ஆம்பள. உனக்கு வராதா?"

தங்கசாமி தங்கையைப் பார்த்தான். அவள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுக்க ஒரு வழக்கம் நடந்தது. சனிக்கிழமை அவன் புத்தகங்களோடும் செய்யாத கணக்குகளோடும் வருவான். சௌந்திரம் அகராதியை வைத்துக்கொண்டு அவற்றைப் படிப்பாள். சராசரி, இடைநிலை, முகடு என்று தமிழில் படித்தவையெல்லாம் இங்கிலீஷில் வேறு முகத்தோடு வந்தன. கணக்குகளை ஒவ்வொன்றாகப் போடுவாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் எப்போதும் இருந்ததில்லை.

"இது எப்படி வந்துச்சு?" என்று கேட்பான் அவன்.

"எழுதிக்க. எப்படி வந்தா உனக்கென்ன."

கடைக்குட்டி பூங்கோதை, ஏழாவது படிப்பவள், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் கேட்டால் சௌந்திரம் பொறுமையாக விளக்குவாள். "அக்கா, நானும் பெரியவளாகி இதைத்தான் படிப்பேன். நீ எனக்கு எழுதிக் குடு" என்பாள் பூங்கோதை. பிள்ளைக்குப் புரிந்தது அண்ணனுக்குப் புரியவில்லை. அவனுக்கு அவள் விளக்கவே இல்லை.

முதல் வருஷப் பரீட்சையில் தங்கசாமி தமிழில் மட்டும் தேறினான். செய்தி தெரிந்த அன்று சின்னண்ணன் அவனைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய், களை வெட்டும் ஆட்கள் பார்க்கச் சாட்டையால் அடித்தார். பண்ணையில் வேலை செய்யும் அம்மாசி மட்டும் நடுவில் புகுந்து, "விடுங்க, தோளுக்கு மேல வளந்த பையனுங்க" என்று கையைப் பிடித்தான். அவனுக்கும் ஓர் அடி விழுந்தது.

சௌந்திரம் மாட்டுக்கொட்டகையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் அடி விழுந்தபோது அவள் நெஞ்சு குளிர்ந்தது. அதை அவள் எத்தனை வருஷம் கழித்தும் தனக்குத் தானே இல்லையென்று சொல்லிக்கொள்ள முடியவில்லை. ஆனால் அவன் அலறாமல், கையால்கூடத் தடுக்காமல், "எனக்குக் கணக்கு வராதுங்கப்பா, எனக்கு வராதுங்கப்பா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். விண்ணப்பம் எழுதியது யாரென்று சொல்லவில்லை. அவள் தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த வாரம் அவன் முதுகுக்கு எண்ணெய் தடவும்போது, "அண்ணா, இனிமே நான் வெளக்கமாச் சொல்லித் தாரேன்" என்றாள்.

"வேண்டாம்" என்றான் அவன்.

இரண்டாம் வருஷம் அவன் வீட்டுக்கு வருவது குறைந்தது. விட்டுப்போன பாடங்களைத் திரும்ப எழுதியதிலும் தோற்றான். வகுப்பில் அவன் எழுந்தாலே பையன்கள் மேஜையைத் தட்டுவார்களாம்; எடப்பாடியிலிருந்து அங்கே படித்த இன்னொரு பையன் வந்து சொன்னான். தைப் பொங்கலுக்கு வருவான் என்று எதிர்பார்த்தார்கள். வரவில்லை. மாசியில் நாக்பூரிலிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. ரிக் வண்டியில் இருப்பதாகவும் தேட வேண்டாம் என்றும் எழுதியிருந்தான். கடைசியில் ஒரு வரி: 'புஸ்தகமெல்லாம் ஹாஸ்டல் ரூமில் பெட்டியில் இருக்கிறது. சௌந்திரத்துக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளட்டும்.'

சௌந்திரம்தான் அதைச் சத்தமாகப் படித்துக்காட்ட வேண்டியிருந்தது. அந்த வரியை விட்டுவிட்டுப் படித்தாள். ஆனாலும் அப்பா ஹாஸ்டலைக் காலிசெய்யப் போய் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார். புத்தகங்களை ஒவ்வொன்றாக வெந்நீர் அடுப்பில் வைத்தார். நாலு நாள் குளிக்க அது போதுமானதாக இருந்தது.

அந்த ஜூனில் பூங்கோதை எட்டாவது முடித்தாள். ஒன்பதாவதுக்கு எடப்பாடிக்கு பஸ்ஸில் போக வேண்டும். புதுத் தாவணிகூட வாங்கியாயிற்று. அப்பா ஒரே வரியில் முடித்தார்: "ரெண்டு பேரைப் படிக்க வெச்சுக் கண்டது போதும்."

பூங்கோதை அக்காவின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். "நீ சொல்லுக்கா. நீ சொன்னா அப்பா கேப்பாரு. அண்ணனுக்குப் படிப்பு வரல, எனக்கு வரும்னு சொல்லு."

சௌந்திரம் அன்று பகல் முழுக்க அடுப்படியில் நின்றாள். சாயங்காலம் காட்டுக்குப் போனாள். அப்பா கிழங்குக் காட்டில் மடை திருப்பிக்கொண்டிருந்தார். நெஞ்சில் இருந்ததை எல்லாம் கொட்டிவிட்டாள். அண்ணன் கணக்கு வேண்டாம் என்று சொன்னது, தான் மாற்றி எழுதியது, லெட்டரைத் தடுத்தது எல்லாம். "படிப்பு மேல தப்பில்லைங்கப்பா. தப்பு என்மேலதான். என்னை வெட்டிப் போடுங்க. பூங்கோதைய நிறுத்தாதீங்க."

அவர் அடிப்பார் என்று நினைத்திருந்தாள். அவர் மண்வெட்டியை ஊன்றி அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார்.

"தெரிஞ்சேதான் எழுதுனியா?"

"ஆமாங்க."

தண்ணீர் பாத்தி நிரம்பி வழிந்தது. கடைசியில், "அவன் படிக்காதவன். அவனால இந்த ஊட்டுக்கு ஒரு கெடுதலும் வரல" என்றார். "படிச்சவ நீ. நல்லாப் படிச்சவ. கூடப் பொறந்தவனை எழுத்துல வெச்சு அறுத்திருக்கற, எனக்குத் தெரியவே இல்ல. சின்னவளையும் அப்படி ஆக்கச் சொல்றியா?"

அவள் குனிந்து மடையை அடைத்தாள்.

அவர் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. வீட்டுக்கு வந்து பூங்கோதையைக் கூப்பிட்டு நடுவீட்டில் நிறுத்தினார். "உன்னை ஏன் நிறுத்தறேன்னு உன்ற அக்காகாரி சொல்லுவா, கேட்டுக்க" என்று சொல்லிவிட்டு, எதிரே கட்டிலில் உட்கார்ந்தார். சௌந்திரம் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. ஒரு தடவை குரல் இறங்கியபோது, "சத்தமாச் சொல்லு, கேக்கல" என்றார். பெருமாயி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தப் பதினாலு வயதுப் பிள்ளை அழவில்லை. "செரி. அதுக்கு நான் என்ன பண்ணுனேன்?" என்று அக்காவைப் பார்த்துக் கேட்டது. மறுநாள் எருமைகளை ஓட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனது.

ஆவணியில் சௌந்திரத்தை வாழப்பாடிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு முதல் தாரம் இறந்து, ஒரு பிள்ளையும் இருந்தது. அப்பா விசாரிக்கக்கூட இல்லை. தங்கசாமி மூன்று வருஷம் கழித்து ஊர் திரும்பினான். ரிக்கில் டிரில்லராகி, உடம்பு இறுகி, இந்தி பேசினான். எல்லோரிடமும் பேசினான், சௌந்திரத்தின் பிள்ளையையும் தூக்கிக் கொஞ்சினான். அவன் எப்படியோ தேறிக்கொண்டான்.

பூங்கோதைக்குப் பதினேழில் கல்யாணம் ஆனது. எண்பத்தெட்டில் அவளுக்குப் பெண் பிறந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, சௌந்திரம் ஒரு டஜன் ஆரஞ்சும் குழந்தைக்குச் சட்டையும் வாங்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனாள். வாசலில் நின்றவளைப் பூங்கோதை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, வீட்டுக்கு வரும் யாருக்கும் கொடுப்பது போலக் கொடுத்தாள்.

"வாங்க," என்றாள். "உக்காருங்க. அவரு வெளிய போயிருக்காருங்க, இப்ப வந்துருவாரு."