ஓரத்தில் எழுதியிருந்தது

என் மகள் முஸ்பிறா கெம்பஸில் புவியியல் படிக்கிறாள். நான் பாலமுனைக் கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவன். படிப்பைப் பற்றிக் கதைக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் சும்மா கிடைத்த பொருளை நான் வீட்டுக்குள் எடுப்பதில்லை. அந்தக் கடதாசிக் கட்டு சும்மா கிடைத்தது.

கொண்டுவந்தவள் மகளின் கூட்டாளி றுஸ்தா. முஸ்பிறா டெங்குக் காய்ச்சலில் கிடந்து பாதி வகுப்புகளுக்குப் போகவில்லை. பரீட்சை கிட்டிவிட்டது.

"இது சிபானாட நோட்ஸ், மாமா. எங்கட பெட்ச் முழுக்க இதத்தான் போட்டோக்கொப்பி அடிச்சுப் படிக்கிற."

"ஆர் சிபானா?"

"முந்தின பெட்ச். நாங்க ஆளக் காணல்ல."

"காணாத ஆள்ட எழுத்த எப்படி நம்புற?"

"உங்கள்ட்ட மீன் வாங்குற ஆக்கள், மீன் புடிச்ச ஆளப் பாத்துப்போட்டா வாங்குற?"

என் மனைவி நஸீறா குசினிக்குள் நின்று சிரித்தாள். நான் எழும்பி வெளியே போய்விட்டேன்.

அந்தச் சிபானா கெட்டிக்காரிதான். லெக்சரர் வாயைத் திறந்து சொன்ன ஒரு சொல்லைக்கூட விடவில்லை. அதோடு நின்றாளா என்றால் இல்லை. வகுப்பில் நடந்ததையெல்லாம் ஓரத்தில் எழுதி வைத்திருந்தாள். 'சேர் இருமுறார்.' 'ஃபேன் நிண்டிட்டு.' 'காகம் ஒண்டு ஜன்னலில.' முஸ்பிறா கொப்பியை விரித்து வைத்து, பாடத்தோடு சேர்த்து அதையும் எழுதிக்கொண்டிருந்தாள்.

"காகம் என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"எது பரீட்சைக்கு வரும் எண்டு ஆருக்குத் தெரியும், வாப்பா? ஒண்டையும் விடப்படா. எழுதினாத்தான் மனசில நிக்கும்."

அவள் சொல்லி முடிக்கவில்லை, மேலே ஃபேன் நின்றது. மின்சாரம் இருந்தது. சுவிட்சும் போட்டபடிதான் கிடந்தது. கொப்பியைப் பார்த்தேன். அவள் அப்போதுதான் எழுதிய வரி, 'ஃபேன் நிண்டிட்டு.'

பழைய ஃபேன் என்று நினைத்தேன். மறுநாள் காகம் வந்தது. ஜன்னல் கம்பியில் குந்தி, கரையாமல், கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தது. காகம் எங்கும் வரும்தானே என்றாள் நஸீறா. அடுத்தது மழை. முஸ்பிறா 'மழை' என்று எழுதினாள். நஸீறா காயப்போட்ட கருவாடு நனைந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு மணல் வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது.

இதை விட மோசம் பிள்ளையின் போக்கு. அவளுடைய எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். இப்போது ஒவ்வொரு எழுத்தும் வலப்பக்கம் சாய்ந்து, போட்டோக்கொப்பியில் இருப்பது போலவே வந்தது. சீனி போட்ட தேத்தண்ணியைத் தள்ளி வைத்தாள். ஒருநாள் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து, தலையைக் குனிந்துகொண்டு, "குடிங்க, அங்கிள்," என்றாள்.

நஸீறா முதலில் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

நான் றுஸ்தாவைத் தேடிப் போய்க் கேட்டேன். "உண்மையச் சொல்லு புள்ள. அந்தச் சிபானா இப்ப எங்க?"

"ஆருக்கும் தெரியா, மாமா. பரீட்சைக்கும் வரல்லயாம். நோட்ஸ் மட்டும்தான் இரிக்கி."

அப்போதுதான் கட்டின் கடைசித் தாளை எடுத்தேன். நான் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். பாடம் பாதியில் அறுந்து கிடந்தது. ஓரத்தில் இப்படி எழுதியிருந்தது: 'வேன் வந்திட்டு. என்னக் கூப்பிடுறாங்க. போறன்.' அதற்குக் கீழே வெறும் தாள்.

முஸ்பிறா எழுதியவை எல்லாம் நடந்திருந்தன. இதையும் எழுதினால் என் பிள்ளை போய்விடும். எங்கே என்று தெரியாது. சிபானா போன இடத்துக்கு.

கட்டு முழுவதையும் அடுப்பில் வைத்தேன். முஸ்பிறா குசினி வாசலில் நின்று பார்த்தாள். அழுவாள், சண்டை பிடிப்பாள் என்று காத்திருந்தேன்.

"பரவாயில்ல, அங்கிள்," என்றாள். "எனக்கு அது மனப்பாடம்."

போய் மேசையில் இருந்து எழுதத் தொடங்கினாள்.

நஸீறாவை அவள் பக்கத்தில் காவல் இருத்திவிட்டுப் பள்ளிக்குப் போனேன். அஸர் தொழுதுவிட்டு வந்தபோது நல்ல வெயில். ஒழுங்கைக்குள் ஒரு பழைய வேன் நின்றது. கண்ணாடிகளில் திரை. என்ஜின் நடுங்கியது, ஆனால் சத்தம் இல்லை. நான் வேலிப் படலைக்குள் வரவும் வேனுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், வீட்டு மனிசர் கூப்பிடுவது போலவே கூப்பிட்டது.

"சிபானா, வாகா."

உள்ளே முஸ்பிறா பேனையை வைத்துவிட்டு அபாயாவை மாட்டிக்கொண்டிருந்தாள். நஸீறா அவளது கையைப் பிடித்து இழுத்தாள். "இஞ்சப் பாருங்க, கை ஐஸ்பெட்டிக்குள்ள கிடந்த மாதிரி இரிக்கி!"

நான் கதிரையை வாசலுக்குக் குறுக்கே போட்டு இருந்தேன். என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. நேரம் போக்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

"போறண்டா போ. இவ்வளவு நாளும் என்னத்தப் படிச்ச எண்டு சொல்லிப்போட்டுப் போ."

அவள் நிமிர்ந்து நின்று ஒப்புவித்தாள். "கரையோர மணல் நகர்வு என்பது, அலைகள் கரையைச் சாய்வாகத் தாக்குவதனால்..." அந்த இடத்தில் இருமினாள். அது ஆம்பிளை இருமல், சளி கட்டிய கிழட்டு இருமல். "...தாக்குவதனால் மணல் ஒரு திசையில் கொண்டுசெல்லப்படுதலாகும்."

"பொய்," என்றேன். அவளைத் தடுப்பதற்காகச் சொன்னதல்ல. எனக்கு உண்மையாகவே நம்பிக்கை வரவில்லை. "மண் நடக்குமா? புறந்த நாள் தொட்டு இந்தக் கரையிலதான் நிக்கன். ஒரு மண்ணும் நடந்து நான் காணல்ல."

அவள் மீண்டும் முதலிலிருந்து சொன்னாள். அதே சொற்கள், அதே இடத்தில் அதே இருமல்.

"அது அவள்ட கதை. நீ சொல்லு. மண் எப்படி நடக்கும்?"

வாய் திறந்தது. கண் மேசையில் கிடந்த கொப்பிக்குப் போனது. வெளியே அந்தக் குரல் மறுபடியும் கூப்பிட்டது, இந்த முறை படலைக்குக் கிட்ட. நஸீறா ஓதத் தொடங்கினாள்.

"நடக்கிறல்ல," என்றாள் மகள் மெதுவாக. "உருளுற."

"ஆர் உருட்டுற?"

"அல."

"அல கரைக்கு நேராத்தான் வரும். மண்ணக் கொண்டுவரும், திருப்பி எடுக்கும். அவ்வளவுதான்."

"நேரா வாறல்ல... தெற்கால இருந்து சாஞ்சு வாற. சாஞ்சு ஏறி, நேரா இறங்குற. ஒவ்வொரு தரமும் மண் கொஞ்சம் வடக்கால தள்ளிப் போகும்."

"உன்ர லெக்சரருக்குக் கடல் தெரியுமா? எனக்குத் தெரியும். சும்மா கதைக்காத."

"ஆ, தெரியும்!" அவள் முகம் சிவந்தது. "அப்ப ஏன் கரையில இருந்த உங்கட மீன் வாடியக் கழட்டி உள்ளுக்குத் தள்ளிப் போட்டீங்க?"

"கடல் அரிச்சது. அதுக்கு?"

"கடலுக்குள்ள கல்லுப் போட்டு அணை கட்டின இடத்துக்குத் தெற்கால மண் மல மாதிரிக் குவிஞ்சு கிடக்கு. வடக்கால தென்ன விழுது. வாற மண்ணக் கல்லு மறிச்சிட்டு, வாப்பா! போற மண் போய்க்கொண்டே இரிக்கி, புதுசா வாறல்ல! இது விளங்காதா உங்களுக்கு?"

"விளங்கல்ல."

"யா அல்லாஹ்! இந்த மனிசனுக்கு ஆர் படிப்பிக்கிற!"

கொப்பியை இழுத்து, சாய்ந்து கிடந்த அந்த எழுத்துகளுக்கு மேலேயே பேனையை அழுத்திப் படம் கீறினாள். கோணல் கரை, சரிந்த அம்புக்குறிகள், நடுவில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் 'வாப்பாட வாடி' என்று எழுதினாள். கோழி கிளறிய எழுத்து. நஸீறா அதைப் பார்த்துவிட்டு நிலத்தில் குந்திவிட்டாள்.

மண் நடக்கும் என்பதை நான் இன்னும் முழுக்க நம்பவில்லை. ஆனால் அவள் என்னை வாப்பா என்று கூப்பிட்டுச் சண்டை பிடித்தாள். அவள் கையைத் தொட்டேன். சூடாக இருந்தது.

வேன் ஒழுங்கையை விட்டுப் பின்னால் போனது. சந்தியில் கிறுகி, கடற்கரைப் பக்கம் திரும்பியது. அந்தப் பக்கம் வெளியூர்க் கெம்பஸ் பிள்ளைகள் வாடகைக்கு இருக்கும் வீடு.

"வாப்பா," என்றாள் முஸ்பிறா. "அங்க எல்லார்ட்டயும் சிபானாட நோட்ஸ் இரிக்கி."

படம் கீறிய தாளைக் கிழித்து எடுக்கப் போனாள்.

"அத வை. அதக் குடுத்தா அதையும் பாத்து எழுதுவாளுகள்."

சைக்கிளில் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மிதித்தேன். வேன் அந்த வீட்டு வாசலில் நின்றது. பக்கக் கதவு திறந்திருந்தது. முன்னறை ஜன்னல் வழியே பார்த்தோம். பிள்ளைகள் பாயில் வரிசையாக இருந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் மற்றவளைப் பார்க்கவில்லை. பேனைகள் ஒன்றாக நின்றன. பிறகு அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் அந்தக் கிழட்டு இருமலை இருமினார்கள்.

நான் ஜன்னல் கம்பியில் ஓங்கித் தட்டினேன்.

"புள்ளைகாள்! மண் நடக்குமாம் எண்டு என்ர மகள் சொல்றாள். பச்சப் பொய்! தெரிஞ்ச ஆள் ஆரும் இரிந்தா எனக்கு விளங்கப்படுத்துங்க பாப்பம்!"

ஒருத்தியும் அசையவில்லை. இன்னும் பலமாகத் தட்டினேன். சுவரோரம் இருந்த ஒரு பிள்ளை மட்டும், தூக்கத்திலிருந்து எழும்புகிறவள் போல, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு தலையைத் தூக்கினாள்.