தோள்மட்டம்

"காது நுனி மட்டும்" என்று, தலைமயிரைக் காதுவரை வெட்டக் கேட்டு, நான் தொடங்கினேன். அம்மா மீன்சட்டியிலிருந்து அகப்பையை எடுக்காமலே "இடுப்பு மட்டும்" என்றாள். அதாவது, இடுப்புக்குக் கீழே தொங்குகிற இரண்டங்குல மயிரை வேண்டுமானால் வெட்டிக்கொள், மிச்சத்தில் கை வைக்காதே.

எங்கள் வீட்டில் யாரும் மனதிலுள்ள விலையை முதலில் சொல்வதில்லை. அப்பா குலசிங்கத்துக்குத் திருகோணமலைக் கடைத்தெருவில் புடவைக்கடை. நான் தவழ்ந்து பழகியதே சீத்தைத்துணி உருளைகளுக்கு நடுவில்தான். எனக்கு வேண்டியிருந்தது தோள்மட்டம். ஆகவே காதைக் கேட்டேன். அது அம்மாவுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். முழங்கையில் ஒரு தரம் நின்றோம், தோள்மூட்டுக்கு நான்கு விரல் கீழே இன்னொரு தரம் நின்றோம். பிறகு நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் படலைவரை போனேன். கடைப்படி இறங்கும் ஆளை அப்பா எந்த அடியில் திருப்பிக் கூப்பிடுவாரோ, சரியாக அந்த அடியில் குசினியிலிருந்து குரல் வந்தது.

"எடி பூரணி, இஞ்சை வா. தோள்மட்டம். அதுக்கு மேலை ஒரு நூல் போனாலும் வீட்டுக்கு வராதை."

அது தொண்ணூற்றேழாம் ஆண்டு. எனக்கு இருபத்து மூன்று வயது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குத் துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் ஏஜன்சியில் எனக்கு நேர்முகப் பரீட்சை. முழுகினால் தலை காய அரைநாள் பிடிக்கிற ஒருத்தி எந்த ஏஜன்சிக்கு நேரத்துக்குப் போவாள்? அம்மாவிடம் நான் சொன்ன காரணம் அதுதான். சொல்லாத காரணம், கழுத்தில் காற்றுப் பட்டால் எப்படி இருக்கும் என்று அறிகிற ஆசை. பதினெட்டு வருடமாக என் பிடரிக்குக் காற்றைத் தெரியாது.

ஆனால் நிபந்தனை இல்லாமல் அம்மா எதையும் இறங்கிக் கொடுத்ததில்லை. என் அடையாள அட்டைப் படத்தில் நான் பள்ளிக்கூடப் பிள்ளை. இரண்டு காதும் தெரிய வாரி இழுத்து, நீளப் பின்னலை முன்னால் எடுத்துவிட்டிருப்பேன். தலைமயிர் கட்டையான தமிழ்ப் பெட்டைகளை, ஆமி மறித்துச் சோதிக்கிற சென்றியில் இரண்டாம் தரம் பார்ப்பார்கள். துவக்கெடுத்து இயக்கத்துக்குப் போன பெட்டைகளின் தலை அப்படித்தான் இருக்கும் என்று ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. புது அட்டை எடுக்க வருடம் ஒன்று செல்லும். ஆகவே வெட்டிய பின்னலைப் பத்திரமாகக் கொண்டுவர வேண்டும், சென்றி தாண்டும்போதெல்லாம் அதையே சவுரியாகக் குத்திக்கொண்டு போகவேண்டும்.

"ஒரு சென்றியிலை ஒருத்தன் உன்ரை தலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டாலும் வேலையும் இல்லை, வெட்டும் இல்லை. இடுப்புக்கு வளருமட்டும் வீட்டிலை இரு. ஓமோ?"

"ஓம்" என்றேன். அந்த நேரம் கடலைக் குடிக்கச் சொன்னாலும் ஓம் என்றிருப்பேன்.

பல்கீஸ் அக்கா குவைத்தில் ஒரு வீட்டில் எட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவள். அந்த வீட்டுப் பெண்கள் மூன்று பேருக்கும் வெளியே போய்த் தலை வெட்ட அலுப்பு. அந்த அலுப்பில் அவள் தொழில் படித்துக்கொண்டாள். முன்னறையில் தடித்த திரை, உயரமான கதிரை, கரண்ட் இருந்தால் மட்டும் ஊதுகிற ஒரு ட்ரையர். என் நாடியைப் பிடித்து இடமும் வலமும் திருப்பினாள்.

"வட்ட முகம் புள்ள. காதோட வெட்டினா பூசணிக்காய்க்குத் தொப்பி போட்ட மாதிரி இரிக்கும். நீளமா உட்டா ஆள் இன்னும் கட்டையாத் தெரியும். தோள்தான் ஒனக்குச் சரி. யாரு தெரிவு செஞ்சது?"

"அம்மாவும் நானும் பேசி முடிச்சது."

"நல்ல யாவாரம்" என்று சிரித்தாள்.

பின்னலின் மேலும் கீழும் ரப்பர் போட்டு இறுக்கிவிட்டுக் கத்திரியை வைத்தாள். அப்பா தடித்த கன்வஸில் கத்திரி ஓட்டும் அதே சத்தம். கடைசி இழை போனதும் என் தலை தானாக முன்னால் ஒரு ஆட்டம் ஆடியது, மூட்டை இறக்கிய கூலியாளின் தலை மாதிரி. எனக்கு வந்த சிரிப்பில் பல்கீஸ் அக்கா இரண்டு தரம் கத்திரியைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. பின்னால் தோளைத் தொடுகிற அளவு, முன்னால் இரண்டு விரல் நீளம் கூட. அடர்த்தியான மயிர் குடை மாதிரி விரியும் என்று உள்பக்கத்தில் படிப்படியாகக் குறைத்துப் பாரம் எடுத்தாள். வெட்டும்போதே பாடமும் நடந்தது.

"ஈரத்துல சின்னச் சீப்புப் போடாத. துவாயால உரசாத, ஒத்தி எடு. நுனிய உள்பக்கமாச் சுத்தி அரை மணித்தியாலம் உடு. ஆறு கிழமைக்கு ஒருக்கா என்னட்ட வா, இல்லாட்டி கோழி கிளறின மாதிரி ஆயிரும்." கடைசியாக ஒன்று சொன்னாள். "பின்னலக் குத்துற நாளைக்கு எண்ணெய் வெச்சுக்க. ஷாம்பு போட்ட தலையில ஊசி நிக்காது."

எல்லாவற்றையும் கேட்டேன், கடைசியைத் தவிர.

திங்கள் விடிய எழுந்து ஷாம்பு போட்டு, ஒத்தி எடுத்து, அப்பாவின் கடையில் றிபன் சுற்றிவரும் மட்டைக்குழல்களில் நுனிகளைச் சுற்றினேன். அவிழ்த்தபோது மயிர் தோளில் வந்து துள்ளி நின்றது. இதிலே எண்ணெய் வைப்பதா? பட்டுச்சேலையில் குழம்பு ஊற்றுவதற்குச் சமம் அது. அம்மா எட்டுக் கொண்டை ஊசியால் பின்னலைக் குத்திவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள்.

"ஒட்டினதெண்டு ஆரும் சொல்லேலாது" என்றாள், தன் சரக்கைத் தானே மெச்சுகிற குரலில்.

துறைமுக வீதிச் சென்றியில் பெண்களுக்குத் தனி வரிசை. கிடுகு மறைப்புக்குள் ஒரு பெண் சிப்பாய், என் வயதுதான் இருக்கும், தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டிருந்தாள். பையைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், தோளைத் தட்டினாள். பிறகு தலைமயிருக்குள்ளும் பின்னலுக்குள்ளும் எதையாவது ஒளித்திருக்கிறேனா என்று மேலிருந்து கீழே கையை உருவினாள்.

பின்னல் அவளோடு போய்விட்டது.

கையில் அரை யார் நீள மயிரைப் பிடித்தபடி அவள் இரண்டடி பின்னால் பாய்ந்தாள். வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அதற்கு எந்தப் பாஷையும் இல்லை. வெளியே நின்ற ஆண் சிப்பாய் என்னவென்று கேட்டான். துவக்கின் பட்டி உரசும் சத்தம் எனக்குக் கேட்டது. வேலை போயிற்று, வெட்டுப் போயிற்று, இனி நான் வீட்டுக்குப் போவதே பேரம் பேச வேண்டிய விஷயம் என்று ஒரு நொடியில் விளங்கியது. என்னிடமிருந்த சிங்களம் கடைச் சிங்களம்: யாருடையது, எங்கே, நல்லது, குறையாது.

"மகே! மகே கொண்டே!" என்றேன். என்னுடையது, என்னுடைய மயிர்.

அவள் நம்பவில்லை. அந்தப் பதற்றத்திலும் அப்பாதான் ஞாபகம் வந்தார். வாங்கிய துணி வேறு நிறம் என்று யாராவது திரும்பி வந்தால் அவர் வாதாட மாட்டார். துண்டை உருளையோடு சேர்த்து வாசல் வெளிச்சத்தில் பிடிப்பார். நான் கிடுகு மறைப்பில் வெயில் விழுகிற ஓட்டைக்கு நேரே போய்த் தலையைக் குனிந்தேன். மிச்ச ஊசிகளைப் பிடுங்கி மயிரைக் கொட்டினேன். அவள் கையோடு சேர்த்துப் பின்னலின் வெட்டுவாயை என் நுனியில் வைத்துக் காட்டினேன். அதே கறுப்பு, வெயிலில் அதே செம்பு மினுக்கம். பிறகு இரண்டு காதுக்குப் பின்னாலும் மயிரை ஒதுக்கி, அட்டைப் படத்துப் பிள்ளை மாதிரி முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டேன்.

அவள் படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உதட்டோரம் கொஞ்சம் இளகியது. வெளியே நின்றவனிடம் ஒன்றுமில்லை என்பதுபோல் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டு, என் தோளைப் பிடித்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற சேலையைப் பார்க்கிறவள் மாதிரி. நுனியை ஒரு விரலால் தட்டினாள். அது துள்ளியது.

"கொஹெத கெபுவே?" எங்கே வெட்டினாய்?

சரக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்கிற வியாபாரி இன்னும் பிறக்கவில்லை. அதோடு பல்கீஸ் அக்காவின் வாசலில் சீருடை போய் நிற்பதை நான் விரும்பவில்லை. "கெதர" என்றேன். வீட்டில்.

அவள் நம்பினாளோ தெரியாது. தொப்பியைக் கழற்றினாள். காதுக்கு மேலே, ஆண்பிள்ளை மாதிரி, ஒட்ட வெட்டிய தலை. இரண்டு விரலைக் கத்திரி போல் அசைத்து "ட்ரெயினிங்" என்றாள். மற்றக் கையை இடுப்பில் வைத்து, முன்பு அதுவரைக்கும் இருந்தது என்று காட்டினாள். பிறகு சட்டென்று தொப்பியைப் போட்டுக்கொண்டு, பின்னலைக் கம்பத்து ஆணியில் தொங்கவிட்டாள். பின்னேரம் வந்து எடு என்று சைகை. மறுபேச்சுக்கு இடமில்லாத சைகை.

அம்மாவின் நிபந்தனை ஆணியில் தொங்க, நான் துறைமுக வீதியில் நடந்தேன். அப்போதுதான் உள்துறைமுகத்திலிருந்து வந்த காற்று முதல்முதலாக என் பிடரியைக் கண்டுபிடித்தது. சத்தமாகச் சிரித்துவிட்டேன். எதிரே சைக்கிளில் வந்தவர் தன் சாரம் அவிழ்ந்துவிட்டதோ என்று குனிந்து பார்த்துக்கொண்டார். ஏஜன்சி மனேஜர் என் தலையை ஒருதரமாவது பார்க்கவேண்டுமே! டைப்பிங் மெஷினைக் காட்டினார், நான் அடித்ததை மூக்குக்கண்ணாடிக்கு மேலால் வாசித்தார், "வியாழக்கிழமை வேலைக்கு வாங்கோ பிள்ளை" என்றார். அவ்வளவுதான். மட்டைக்குழல்களுக்கு அங்கே ஒரு மரியாதையும் இல்லை.

நாலு மணிக்குச் சென்றிக்குத் திரும்பினேன். வரிசையில் எனக்குப் பின்னால் மீன்கூடையோடு ஒரு மனுசி மட்டும். பின்னல் இல்லாமல் வீட்டுக்குப் போனால் வியாழக்கிழமை எனக்கில்லை. கிடுகு மறைப்பை விலக்கினேன்.

அந்தப் பெண் சிப்பாயின் முதுகு என் பக்கம். தொப்பி மேசைமேல் இருந்தது. சுவரில் செருகிய உள்ளங்கை அகலக் கண்ணாடி முன்னால் நின்று, என் பின்னலைத் தன் பிடரியில் வைத்து ஒரு கையால் அழுத்திப் பிடித்திருந்தாள். முழுவதையும் காட்ட அந்தக் கண்ணாடி காணாது. ஆகவே கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி என்று தலையைச் சாய்த்துத் துண்டுதுண்டாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சீருடை முதுகில் பின்னல் இடமும் வலமும் ஆடியது.

"என்ன பிள்ளை, போகேல்லையே? மீன் பழுதாகுது" என்றாள் பின்னால் நின்றவள்.

கிடுகைச் சத்தமில்லாமல் விட்டேன்.

"கொஞ்சம் பொறுங்கோ அக்கா" என்றேன். "உள்ளுக்கு ஆள் நிக்குது."