பாதுஷா வெல்டிங்

எனக்கு வாய்க்கொழுப்பு ஜாஸ்தி. இத நானே ஒத்துக்கிடுததுக்குக் காரணம் இருக்கு, கேளுங்க.

சங்கரன்கோவில்ல எனக்கு ஹார்டுவேர் கடை. குழாய், பெயிண்டு, ஆணி எல்லாம் விக்கேன். கடைய விட்டா எனக்கு எங்கப்பா வாங்குன எண்பத்து நாலாம் வருஷத்து ஃபியட் கார்தான் உலகம். அதுக்கு வீட்டு ஷெட்டுல வச்சே டர்போ மாட்டணும்னு மூணு வருஷமா கிறுக்குப் புடிச்சு அலைஞ்சேன். டர்போன்னா பெரிய மந்திரம் ஒண்ணும் இல்ல. இன்ஜின் தள்ளுத புகை வேகத்துல ஒரு சக்கரம் சுத்தும், அது காத்த அமுக்கி இன்ஜினுக்குள்ள அனுப்பும், வண்டி பிச்சுக்கிட்டுப் போவும். என் பொண்டாட்டி ஷீலா, ஷெட்டுலயே ஒரு பாயப் போட்டுப் படுத்துக்கிடுங்கன்னு சொல்லிட்டுக் கைகழுவிட்டா.

எல்லாத்தையும் நானே செஞ்சேன், ஒண்ணத் தவிர. இன்ஜினையும் டர்போவையும் சேக்குத இரும்புக் குழாய், மேனிஃபோல்டும்பாங்க, அத நல்ல கைகாரன்தான் வெல்டிங் வைக்கணும். கடையநல்லூர் பாதுஷா பதினோரு வருஷம் கத்தார்ல எண்ணெய்க் குழாய்க்கு வெல்டிங் வச்சவன். ஊருக்கு வந்து சொந்தமா பட்டறை போட்டு ஒரு வருஷந்தான் ஆச்சு. வெள்ளிக்கிழம ஜும்மா தொழுதுட்டு பஸ் ஏறி வருவான், அளவெடுப்பான், போவான். ஆறு தடவ வந்தான். அவனுக்கும் அந்த வண்டி மேல ஆசை வந்துட்டு.

மாட்டி முடிச்ச ஞாயித்துக்கிழம, சர்ச் விட்டதும் பாஸ்டர ஜெபம் பண்ணக் கூப்பிட்டேன். பஜார்க்காரங்க பத்துப் பேரு வந்தாங்க. சைசிங் மில் சுந்தரராஜ் அண்ணாச்சியும் வந்தாரு. பாவு நூலுக்குக் கஞ்சி போடுத மில்லு அவருது. அங்க நீராவிக் குழாய் பூராத்தையும் மாத்துத வேலைய பாதுஷாவுக்குக் குடுக்கதா இருந்தாரு. அவன் கைவேலைய நேர்ல பாருங்கன்னு நான்தான் வரச் சொன்னேன். பட்டறைக்கு அதுதான் மொதப் பெரிய வேலை. பாதுஷா தேச்ச சட்டை போட்டு வந்து ஓரமா நின்னான்.

ஆமென் சொல்லி சாவியத் திருப்புனேன், புடிச்சிக்கிச்சு. ரெண்டு நிமிஷம் ராசா மாதிரி ஓடுச்சு. ஆக்சிலேட்டர மிதிச்சேன் பாருங்க, கிரீச்சுன்னு ஒரு சத்தம், ஷெட்டு பூரா நீலப் புகை, டர்போ இறுகி நின்னுட்டு. யாரோ இருமுனாங்க, யாரோ சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு எனக்கு மண்டையில ஏறிட்டு.

"ஏலே பாதுஷா, உன் வெல்டிங் கட்டி பேந்து சக்கரத்துக்குள்ள போயிருக்குலே. கத்தார் கத்தார்னியே, இதான் நீ தொழில் படிச்ச லச்சணமா?"

உள்ள சுத்தமாத் தேச்சுட்டுத்தான் குடுத்தேன் அண்ணாச்சின்னு மெதுவாச் சொன்னான். நான் விடல. உன்னய நம்புனதுக்கு என்னயச் செருப்பால அடிக்கணும்னு இன்னும் என்னென்னமோ கத்துனேன். பாஸ்டர் தோளத் தொட்ட பொறவுதான் நிறுத்துனேன். அதுக்குள்ள பாதுஷா யார் மூஞ்சியையும் பாக்காம பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துட்டான்.

செவ்வாக்கிழம சுந்தரராஜ் அண்ணாச்சி கடைக்கு வந்து, குழாய் வேலைய வேற ஆளுக்குப் பேசியாச்சு, உம்ம புண்ணியத்துல தப்பிச்சேன்னாரு. அப்போ எனக்குக் கொஞ்சம் பெருமையா வேற இருந்துச்சு. அத நினைச்சா இப்பவும் கூசுது.

புதன்கிழம டர்போவப் பிரிச்சேன். சக்கரத்துல ஒரு கீறல் இல்ல, கட்டி கிட்டி ஒண்ணும் இல்ல. ஆயில் வார ஓட்டையில வெள்ளையா என்னமோ அடைச்சிருந்துச்சு, குண்டூசியால நோண்டி எடுத்தேன். தண்ணிக் குழாய் மரையில ஒழுகாம இருக்கச் சுத்துவோமே, அந்த டேப்பு. தெனம் கடையில வாரவனுக்கெல்லாம் சுத்திக் காட்டுத கைப்பழக்கத்துல ஆயில் குழாய் மரையிலயும் நாலு சுத்து சுத்தியிருக்கேன். அதுல ஒரு துண்டு பிஞ்சு உள்ள போயிட்டு. ஆயில் இல்லாம பேரிங் கருகிட்டு. நாக்கப் புடுங்கிக்கிட்டுச் சாகலாம் போல இருந்துச்சு.

அப்பவே ஃபோன எடுத்திருக்கணும், எடுக்கல. மொதல்ல வண்டியச் சரி பண்ணுவோம், அதுலயே போய்ச் சொல்லுவோம்னு எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கிட்டேன். மதுரையில வேற டர்போ புடிச்சு மாட்டி முடிக்கப் பதினெட்டு நாள் ஆச்சு. ஷீலாகிட்ட கூட டேப்பு சங்கதிய வாயத் திறக்கல. வண்டி சும்மா பறந்துச்சு. பாதுஷா வச்ச வெல்டிங்ல ஒரு இழை புகை கசியல.

கடையநல்லூருக்கு அதுலதான் போனேன். பாதுஷா ஜன்னல் கம்பிக்கு வெல்டிங் வச்சுக்கிட்டிருந்தான். என்னயப் பாத்ததும் எந்திரிச்சு, உள்ள போயி துணியில பொதிஞ்ச ஒண்ண எடுத்துட்டு வந்து நீட்டுனான். புது மேனிஃபோல்டு.

"கட்டி எப்படி நின்னுச்சுன்னே தெரியல அண்ணாச்சி. என் தப்புதான். இத மூணு தடவ உள்ள பாத்துட்டேன்."

அத வாங்கிக் கீழ வச்சிட்டு டேப்பு கதையச் சொல்லி முடிச்சேன், பதினெட்டு நாள் மறச்சு வச்சதையும் சொன்னேன். மன்னிச்சிருன்னேன். அவன் கையத் தொடச்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான்.

"சுந்தரராஜ் அண்ணாச்சிகிட்ட சொல்லிட்டீங்களா?"

அவன் முன்னாலயே ஃபோன் போட்டு, அவனுக்கும் கேக்குத மாதிரி வச்சேன். தப்பு என்னோடது, அவன் வேலை சுத்தம்னு ஒண்ணு விடாமச் சொன்னேன். அந்தப் பக்கம் அண்ணாச்சி சிரிச்சாரு.

"வே ஜெபசிங்கு, அந்தப் பய வந்து அழுதானாக்கும்? பாவம் பாத்து பழிய நீரு தலையில தூக்கிப் போட்டுக்கிடுதீரு. பெரிய மனசுவே உமக்கு."

இல்ல அண்ணாச்சி, சத்தியமா நான்தான்னு கெஞ்சுனேன். சரி சரின்னாரு. நாளைக்குக் காலையில அந்த ஆளு வேலைய ஆரம்பிக்கான், பொறவு பேசுவோம்னு வச்சிட்டாரு.

பாதுஷா அவ்வளவையும் கேட்டுக்கிட்டுத்தான் நின்னான். ரெண்டு வார்த்தை ஏசியிருந்தாக் கூட எனக்குத் தேவலாம் போல இருந்திருக்கும். அவன் மறுபடி உக்காந்து, கம்பியத் திருப்பி வச்சான்.

"அன்னைக்குப் பத்துப் பேரு முன்னால கத்துனீங்க அண்ணாச்சி, உடனே நம்பிட்டாங்க. இன்னைக்கு ஃபோன்ல சொல்லுதீங்க."