பர்னிச்சர் கடைக்குப் போன சமையலறை

கணக்கர் வீட்டுச் சமையலறை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பர்னிச்சர் கடைக்குப் போய்விட்டது. அடுப்பு, சிங்க், மேல்தட்டில் இருந்த சர்க்கரை டப்பா, ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே தெரியும் தண்ணீர்த் தொட்டி எல்லாம் சேர்ந்துதான் போயின. கடையின் பின்சுவரில், சோபாக்களுக்கும் அலமாரிகளுக்கும் நடுவே, அது அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தி நின்றது. அடுப்பில் பால் இருந்ததால் கணக்கரின் மனைவி வீட்டு உடையோடு இரண்டு தெரு ஓடிப்போய் அணைத்தார். கடை முதலாளி எழுந்து நின்று வழிவிட்டார். மரியாதையில் அவரைக் குறை சொல்ல முடியாது. கணக்கு எழுதிய கட்டணத்தை நான்கு வருடமாகத் தரவில்லை, அவ்வளவுதான்.

சமையலறைக்கு முன்பே பால்கனி போயிருந்தது. அது போட்டோ ஸ்டுடியோவுக்குப் போனது. அங்கே இப்போது காற்றோட்டமாகப் படம் எடுக்கிறார்கள். குளியலறை ஓர் அச்சகத்துக்குப் போனது. இதை எழுதுகிறவன்தான் அந்த அச்சகத்தின் உரிமையாளன் என்பதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. நல்ல குளியலறை, வெந்நீர் தடையில்லாமல் வருகிறது. கணக்கர் வீட்டார் துண்டும் சோப்புமாக வரும்போது நான் செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொள்வேன். மனுஷன் எவ்வளவு கூச்ச சுபாவம் என்று அந்த அம்மாள் ஊரெல்லாம் சொன்னார். மூன்று வருடப் பாக்கி என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் தன் கையெழுத்துதான் என்று கணக்கரே ஒப்புக்கொண்டார். ஆண்டுக் கணக்கை முடிக்கும்போது கடைசி வரியில் அவருடைய கட்டணம் வரும். தராத பணத்தைப் பாக்கி என்று எழுதினால் பக்கத்தின் அழகு கெட்டுவிடும். அதைவிட, முதலாளியைப் பார்த்துக் கேட்டதுபோல் ஆகிவிடும். அதனால் ஒவ்வொரு வருடமும் ‘செலுத்தப்பட்டது’ என்று மணிமணியாக எழுதி, அடியில் இரட்டைக் கோடு போட்டுவிடுவார். எழுதிவிட்டால் அந்தத் தொகை எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். முதலாளிகளின் பையிலிருந்து வரவில்லை என்பதால் அவருடைய வீட்டிலிருந்து போயிற்று. நாங்களும் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, கொடுத்துவிட்டோம்போலிருக்கிறது என்று மனதாரச் சந்தோஷப்பட்டோம்.

பணம் கேட்கத் தெரியாதவர் என்றும் அவரைச் சொல்லிவிட முடியாது. எங்களுக்கு யாராவது பாக்கி வைத்தால் அவர் எழுதித் தரும் கடிதத்துக்கு மூன்றே நாளில் பணம் வந்து விழும். சொந்தப் பணம் என்று வந்தால்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை பர்னிச்சர் கடைக்குக் கேட்கப் போய், ஒரு ஸ்டூலை வாங்கிக்கொண்டு திரும்பினார், அதுவும் முழு விலைக்கு. அதைப் போடத்தான் வீட்டில் இடமில்லை.

பிறகு ஹால் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனது. மிஞ்சியது மகளின் அறை ஒன்றுதான். வாசல் கதவைத் திறந்தால் நேராக அவள் கட்டில் இருக்கும். பார்மசி படிக்கிற பெண், கடைசி வருடம், பரீட்சைக்குப் பதினைந்து நாள் இருந்தது. அவளுடைய மேஜையின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு அப்பா கணக்கு எழுதினார். அந்த வருடம் முடிக்க வேண்டிய கடைசிப் புத்தகம் பல் டாக்டருடையது. அவருடைய மூன்று வருடக் கணக்கும் முடிக்காமல் சேர்ந்து கிடந்தது, அவரும் மூன்று வருடமாகத் தரவில்லை. இரட்டைக் கோடு விழுந்தால் அந்த அறையும் போய்விடும் என்பது வீட்டில் மூவருக்கும் தெரிந்திருந்தது. மகள் அட்டைப்பெட்டியில் புத்தகங்களை அடுக்க ஆரம்பித்தாள்.

“கிளினிக்ல என் ரூம் எந்தப் பக்கம்பா வரும்? பல்லு ராவுற சத்தம் கேக்குமா?” என்று கேட்டாள். குத்திக்காட்டவில்லை, விவரத்துக்காகத்தான் கேட்டாள். கணக்கருக்கு அதுதான் தாங்கவில்லை.

“ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்” என்றார் மனைவி.

“கேட்டா தப்பா நெனச்சுக்குவாரு.”

“நெனச்சுக்கட்டுமே. அவரு நெனப்புலயா நாம குடியிருக்கோம்?”

கணக்கர் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். நாற்காலியில் ஒரு நோயாளி வாயைத் திறந்தபடி கிடந்தார். டாக்டர் கையுறையைக் கழற்றுவதற்குள் கணக்கர் நின்றபடியே கடைசி வரியை எழுதினார்: ‘கணக்கர் கட்டணம், மூன்று ஆண்டு, பாக்கி.’ புத்தகத்தைக் கையில் ஏந்தி எழுதியதில் மை இழுபட்டது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் கையால் கெட்ட முதல் பக்கம் அது.

“என்ன சார் இது, பக்கம் எவ்ளோ நீட்டா இருந்துச்சு” என்றார் டாக்டர்.

“எனக்கும் பாக்கச் சகிக்கல சார். ஆனா நீங்க தரல” என்றார் கணக்கர்.

நோயாளி திறந்த வாயோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். டாக்டர் அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். அடுத்த வாரம் வேறொரு கணக்கரை வைத்துக்கொண்டார்.

கணக்கர் வீடு திரும்பியபோது மகள் அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள்.

“பணம் வந்துச்சாப்பா?”

“வரலம்மா. ஆனா வரலன்னு எழுதிட்டேன்.”

மூவரும் கட்டிலில் உட்கார்ந்து சாயங்காலம்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவர் அசையவில்லை. மனைவி எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்து இரண்டு தடவை உலுக்கிப் பார்த்தார். இருந்தது. சமையலறை போனபோது அழாத கணக்கர் அப்போது விசித்து அழுதார். மகள் பெட்டியைப் பிரித்துப் புத்தகங்களை மேஜையில் வைத்துவிட்டுப் படிக்க உட்கார்ந்தாள்.

போன அறைகள் திரும்பவில்லை. முடித்துக் கையெழுத்துப் போட்ட வருடத்தைத் திறக்கக் கூடாது, அது தொழில் தர்மம் என்று கணக்கர் கொஞ்சம் பெருமையாகவே சொல்கிறார். எனக்கும் அது சௌகரியம்தான். சமையல் இன்றும் பர்னிச்சர் கடையில்தான் நடக்கிறது. விற்காமல் கிடந்த ஒரு தேக்கு மேஜையில் மூவரும் மதியம் சாப்பிடுவார்கள். சென்ற மாதம் அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு தம்பதி வந்து மேஜையின் விலையைக் கேட்டார்கள். முதலாளி கடையில் இல்லை. கணக்கர் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு விலையைச் சொன்னார். முழுப் பணத்தையும் முன்னால் வைத்தால்தான் மேஜை நகரும் என்றும் சொன்னார். அவர்கள் மறுபேச்சில்லாமல் எண்ணி வைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். அன்று முதல் மூவரும் சோபாவில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.